கூகுளில் தேடுவது யாருக்கெல்லாம் தெரியும்?

"இன்கொக்னிட்டோவில போட்டுத் தேடு, ஒருத்தருக்கும் தெரியாது" என்பவர்கள் இருக்கிறார்கள். "விபிஎன் இருக்குத்தானே, பிறகென்ன?" என்பவர்களும் இருக்கிறார்கள். "என்ன தேடினாலும் சிம் கொம்பனிக்குத் தெரியும், மறைச்சு வேலையில்லை" என்று கைவிட்டவர்களும் உண்டு. மூன்று பேச்சும் பிழை. தேடலைப் பார்க்கக்கூடிய தரப்புகள் நான்கு இருக்க, நாம் "யாருக்கும்" என்று மொத்தமாகப் பேசிவிடுகிறோம். ஒவ்வொரு தரப்புக்கும் தெரிவது வேறு, அதைத் தடுக்கும் வழியும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது தானாகத் தெளியும். கணினி படித்திருக்கத் தேவையில்லை, போன் பாவிக்கத் தெரிந்தால் போதும்.

மாதக் கணக்குக் கொப்பி

சந்திக் கடையில் மாதக் கணக்குக்குச் சாமான் வாங்கும் வீட்டுக்குக் கடைக் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கும். ஒரு நாள் எழுதப்பட்ட பனடோல் அட்டையில் பெரிதாக ஒன்றுமில்லை. மாத முடிவில் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒருவருக்குச் சீனி வருத்தம், போன கிழமை விருந்தாளிகள் வந்து போனார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டார் யாரும் வாய் திறந்து சொல்லாத விடயங்கள் அவை.

தேடுபொறியும் உங்களுக்கு அப்படி ஒரு பக்கம் வைத்திருக்கிறது. தேடுபொறி என்றால் இணையப் பக்கங்களை முன்கூட்டியே வாசித்து அட்டவணை போட்டு வைத்து, கேட்கும் சொல்லுக்குப் பொருத்தமானவற்றை எடுத்துத் தரும் சேவை. கூகுள், பிங், டக்டக்கோ எல்லாம் அந்த வகை. நீங்கள் ஜிமெயில் கணக்கில் உள்நுழைந்த நிலையில் தேடினால் பக்கத்தின் தலைப்பில் உங்கள் பெயர் இருக்கும். உள்நுழையாவிட்டாலும் பக்கம் இருக்கும், பெயருக்குப் பதில் ஒரு அடையாள எண் இருக்கும். அந்த எண்ணை உங்கள் போனில் வைத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது அதைப் பார்த்து "இது அதே ஆள்" என்று அறிந்துகொள்வார்கள். இப்படி ஒரு இணையத்தளம் உங்கள் கருவியில் விட்டுப்போகும் சிறு குறிப்புக்குக் குக்கி என்று பெயர்.

ஒரு தேடல் போகும் வழி

களுவாஞ்சிக்குடியில் ஒரு பெண் தன் போனில் "மார்பில் கட்டி வலி இல்லை" என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அது பதிவாவது அந்தப் போனிலேயே. குரோம், ஃபயர்பொக்ஸ் போன்ற, இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலியை உலாவி என்கிறோம். உலாவி தன் வரலாற்றில் அந்தத் தேடலை எழுதிவைக்கும். நாளை மகன் அதே போனை எடுத்து "மா" என்று தட்டினால் மேல்பட்டையில் அந்த வரி வந்து நிற்கும்.

அடுத்தது வலையமைப்பு: டேட்டா தரும் கொம்பனி, அல்லது நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் சொந்தக்காரர். இங்கேதான் ஆகப் பெரிய குழப்பம். இப்போது தேடுபொறிகள் எல்லாம் மறைகுறியாக்கத்தில் இயங்குகின்றன. அதாவது போனிலிருந்து புறப்படும் எழுத்துகள் தேடுபொறியால் மட்டும் திறக்கக்கூடிய பூட்டோடு போகின்றன. மேல்பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னம் அதைத்தான் குறிக்கும். சில உலாவிகளில் அந்தச் சின்னம் இப்போது வேறு வடிவில் இருக்கிறது. ஆகவே கொம்பனிக்குத் தெரிவது, இந்த இலக்கம் இத்தனை மணிக்குக் கூகுளுக்குப் போனது, இவ்வளவு டேட்டா போய் வந்தது என்பவைதான். கடைக்குள் நீங்கள் போனதை ரோட்டில் நிற்பவர் காண்பார், கொப்பியில் எழுதப்பட்டதை அவரால் வாசிக்க முடியாது. ஆனால் தேடல் முடிவிலிருந்து ஒரு புற்றுநோய்த் தளத்துக்குப் போனால் அந்தத் தளத்தின் பெயர் ரோட்டில் நிற்பவருக்கும் தெரியும்.

மூன்றாவது தரப்பு தேடுபொறி. அதற்கு எல்லாம் தெரியும்: தேடிய சொல், நேரம், போன் வகை, போனின் மொழி, எந்த முடிவைத் தொட்டீர்கள் என்பது, ஐபி முகவரி. ஐபி முகவரி என்பது இணையத்தில் பதில் வந்து சேர வேண்டிய இடத்தைக் காட்டும் எண். அது உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபி முகவரியைப் பல பாவனையாளர்கள் பகிர்ந்துகொள்வதும், மட்டக்களப்பில் இருப்பவரை அது கொழும்பில் காட்டுவதும் சாதாரணம். போனின் லொக்கேஷன் அனுமதி கொடுத்திருந்தால் கதை வேறு, தெரு வரைக்கும் தெரிந்துவிடும். கூகுள் முடிவுப் பக்கத்தின் அடிமட்டம் வரை இறங்கிப் பாருங்கள். உங்களை எந்த ஊரில் வைத்து முடிவு தந்தது, அதை எதிலிருந்து அறிந்தது என்று அங்கே எழுதியிருக்கும்.

நான்காவது, நீங்கள் தொட்டுத் திறந்த தளமும், அந்தத் தளத்துக்குள் விளம்பரம் போடும் நிறுவனங்களும்.

இதில் இரண்டு விடயத்தைக் கிட்டப் பார்க்க வேண்டும். ஒன்று, தேடல் பட்டனை அழுத்தினால்தான் எழுத்து போகும் என்பது பிழை. தட்டத் தட்டக் கீழே பரிந்துரைகள் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பழைய தேடல்களைத் தவிர மற்றப் பரிந்துரைகள் உங்கள் போனுக்குள்ளிருந்து வரவில்லை. "மா", "மார்", "மார்பி" என்று தட்டத் தட்டத் தேடுபொறிக்குப் போகிறது, பதில் திரும்பி வருகிறது. பாதியில் யோசித்து அழித்துவிட்டாலும் போனது போனதுதான். குரோமின் செட்டிங்கில் கூகுள் சேர்விசஸ் என்ற பகுதியிலும், ஃபயர்பொக்ஸின் செட்டிங்கில் சேர்ச் என்ற பகுதியிலும் சேர்ச் சஜெஸ்ஷன் என்ற தெரிவு இருக்கும். அதை நிறுத்தலாம்.

மற்றது தமிழுக்கே உரியது. தமிழில் தேடிவிட்டு மேல்பட்டையில் உள்ள முகவரியை வட்ஸ்அப்பில் ஒட்டினால், தமிழ் மறைந்து சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு நீள வரி வரும். "மட்டக்களப்பு" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 36 சதவீதக் குறிகள். அதைப் பார்த்து, இரகசியக் குறியீடாக மாறிவிட்டது, யாருக்கும் விளங்காது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. இணைய முகவரி தமிழெழுத்தை ஏற்காததால் புள்ளியையும் குறியையும் தனியாக எண்ணி ஒவ்வொன்றும் மூன்று துண்டாக எழுதப்படுகிறது. யார் அதைத் திறந்தாலும் தமிழ் திரும்ப வந்துவிடும். ஆகவே தேடல் முடிவுப் பக்கத்தின் இணைப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம். முடிவிலிருந்து திறந்த கட்டுரையின் இணைப்பை அனுப்புங்கள்.

இதுவரை: போன், வலையமைப்பு, தேடுபொறி, திறந்த தளம் என்று நான்கு தரப்பு. வலையமைப்புக்குத் தளத்தின் பெயர் மட்டும் தெரியும். தேடிய சொல் முழுதாகத் தங்குவது போனிலும் தேடுபொறியிலும்.

பெயர் இல்லாவிட்டால் ஆளைத் தெரியாதா?

2006 ஓகஸ்டில் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று நினைத்து, ஏறத்தாழ 650,000 பாவனையாளர்களின் மூன்று மாதத் தேடல்களை, சுமார் இரண்டு கோடி வரிகளை, இணையத்தில் வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். சில நாட்களுக்குள் நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர்கள் 4417749 என்ற எண்ணுக்குரியவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஜோர்ஜியா மாநிலத்தில் தனியாக வாழ்ந்த 62 வயதுப் பெண். அவர் தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தோட்ட வேலைக்காரரைத் தேடியிருந்தார், தன் குடும்பப் பெயர் உள்ளவர்களைத் தேடியிருந்தார், விரல் விறைப்பதைப் பற்றித் தேடியிருந்தார். மூன்றையும் கோர்க்க ஆள் கிடைத்துவிட்டார். ஏஓஎல் கோப்பை அகற்றிவிட்டது, அதற்குள் பிரதிகள் பரவிவிட்டன.

நமக்கு இது இன்னும் நெருக்கமான ஆபத்து. அமெரிக்க ஊரைவிட நம் ஊர்கள் சிறியவை. ஓந்தாச்சிமடம், குருக்கள்மடம் என்று ஊர்ப் பெயரோடு பாடசாலை பற்றி ஒரு தேடல், வருத்தம் பற்றி ஒரு தேடல், வெளிநாட்டு வேலை பற்றி ஒரு தேடல் என்று ஒரே பக்கத்தில் சேர்ந்தால், அந்த ஊராருக்கு ஆளை ஊகிக்க அதிக நேரம் எடுக்காது.

இன்னொரு பழக்கம் கட்டாயம் நிற்க வேண்டும்: அடையாள அட்டை எண்ணைத் தேடுபெட்டியில் தட்டிப் பார்ப்பது. பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 85532 என்று தொடங்கினால் 1985 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். 12 இலக்கப் புதிய எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக இருக்கும். பரீட்சைப் பெறுபேறு வரும் நாட்களில் சுட்டெண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் கூகுளில் போடுகிறார்கள். பெறுபேறு கூகுளில் இல்லை, பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் இருக்கிறது. கூகுளில் தளத்தைத் தேடுங்கள், எண்ணைத் திணைக்களத்தின் பெட்டியில் போடுங்கள்.

இன்கொக்னிட்டோ எதற்கு?

இன்கொக்னிட்டோ என்பது உலாவியின் தனிச் சன்னல். அதை மூடியதும் அந்தச் சன்னலின் வரலாறும் குக்கிகளும் போனிலிருந்து அழியும். அது மறைப்பது முதலாவது தரப்பிடமிருந்து மட்டும். உங்கள் வீட்டில் இருந்த பற்றுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டீர்கள், கடைக் கொப்பியில் எழுதியது அங்கேயே இருக்கிறது.

இதைச் சுற்றி அமெரிக்காவில் 2020இல் கூகுளுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2024இல் வந்த இணக்கப்பாட்டில், இந்த முறையில் உலாவியவர்கள் பற்றிச் சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒத்துக்கொண்டது. இன்கொக்னிட்டோவின் முதற்பக்கத்திலும், நீங்கள் போகும் தளங்களும் கூகுள் உட்பட அவை பாவிக்கும் சேவைகளும் தகவல் சேர்க்கும் விதத்தை இது மாற்றாது என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் நம்மில் பலர் வாசிப்பதில்லை.

அதற்காக இன்கொக்னிட்டோ வீண் என்று சொல்ல முடியாது. போனை வாங்கிப் பார்க்கும் கணவனிடமிருந்து, அண்ணனிடமிருந்து ஒரு தேடலை மறைக்க வேண்டிய பெண்ணுக்கு அது உடனடி உதவி. ஒரு நிபந்தனை: அந்தச் சன்னலுக்குள் ஜிமெயிலில் உள்நுழையக் கூடாது. உள்நுழைந்தால் தேடல் உங்கள் பெயர்ப் பக்கத்துக்கே போய்ச் சேரும், மற்றக் கருவிகளிலும் தெரியும். சாதாரணச் சன்னலில் அவசரத்தில் தேடிவிட்டால், கூகுள் செயலியில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, கடைசி 15 நிமிடத்தை அழிக்கும் தெரிவைப் பாவிக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டுப் போன்

நம் பகுதி வீடுகளில் தகவல் ஆகக் கூடுதலாகக் கசிவது உளவு நிறுவனங்களிடம் அல்ல, வீட்டாரிடம். கட்டாரில் இருக்கும் மகன் அம்மாவுக்குப் போன் வாங்கி அனுப்புவார். அம்மாவுக்கு ஜிமெயில் இல்லாததால் தன் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்துவிடுவார். அன்றிலிருந்து அம்மா தேடும் ஒவ்வொன்றும் மகனின் பக்கத்தில் எழுதப்படும். "கர்ப்பப்பை இறக்கம்" என்று அம்மா தேடியதை மகன் தன் போனில் காணலாம். மகன் தேடியது அம்மாவின் போனில் பரிந்துரையாக வரலாம். இருவரும் ஒருவரையொருவர் வேவு பார்க்க நினைக்கவில்லை, கணக்கு ஒன்றாக இருப்பதன் விளைவு இது. அம்மாவுக்குத் தனிக் கணக்கு திறப்பதே இதற்குச் சரியான தீர்வு. அதற்குக் காசு இல்லை, பத்து நிமிட வேலை.

பிறகு அந்தந்தக் கணக்கில் செய்ய வேண்டியது: போனின் செட்டிங்கில் கூகுள் என்பதைத் திறந்து, உங்கள் கணக்குக்குள் டேட்டா அன்ட் பிரைவசி என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே வெப் அன்ட் அப் அக்டிவிட்டி இருக்கும். அதுதான் அந்தக் கொப்பி. அதை நிறுத்தலாம். நிறுத்தினால் இனி எழுதப்படுவது மட்டும் நிற்கும், பழையது அப்படியே கிடக்கும். இந்த இடத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். பழையதை மை அக்டிவிட்டி என்ற பக்கத்தில் தனியாக அழிக்க வேண்டும். முழுதாக நிறுத்த மனமில்லாதவர்களுக்கு ஓட்டோ டிலீட் இருக்கிறது: 3, 18, 36 மாதம் என்று மூன்று தெரிவுகள். 2020க்குப் பிறகு திறந்த புதிய கணக்குகளில் 18 மாதம் தானாகவே போடப்பட்டிருக்கும். அதற்கு முந்திய கணக்குகளில் நீங்கள் போய் மாற்றாவிட்டால் பத்து வருடத்துக்கு முந்திய தேடலும் இருக்கக்கூடும். 3 மாதம் போடுவது நல்லது. மை அக்டிவிட்டியைப் பார்க்கக் கடவுச்சொல் கேட்கும் வெரிஃபிகேஷன் வசதியும் அதே பக்கத்தில் உண்டு. போன் பல கைகளுக்குப் போகும் வீட்டில் அதைப் போட்டுவிட வேண்டும்.

கணக்கு வரலாறும் உலாவி வரலாறும் இரண்டு. குரோமில் வரலாற்றை அழித்ததால் கணக்கில் உள்ளது முழுதாகப் போய்விட்டது என்று இருந்துவிட வேண்டாம், இரண்டையும் போய்ப் பாருங்கள்.

கொமியூனிகேஷன் கடையில்

விண்ணப்பம் நிரப்ப, வீசா பதிய, போட்டோக் கொப்பி எடுக்க என்று ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் கொமியூனிகேஷன் கடைகளை நம்பித்தான் இருக்கிறோம். அங்கே பொதுக் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூடாமல் எழும்பி வந்தால் இரண்டு பக்கமும் அடி. அடுத்தவர் உங்கள் மெயிலைப் பார்க்கலாம். அதோடு, அவர் கூகுளில் தேடுவது உங்கள் பக்கத்தில் எழுதப்படும். அவர் என்னென்ன தேடுவார் என்பது உங்கள் கையில் இல்லை.

அங்கே குரோமில் வலது மேல்மூலையில் உள்ள படத்தைத் தொட்டுக் கெஸ்ட் சன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். எழும்ப முன் எல்லாக் கெஸ்ட் சன்னலையும் மூடுங்கள். மூட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டால் திரும்பி ஓட வேண்டியதில்லை. உங்கள் போனில் கூகுள் கணக்கின் செக்கியூரிட்டி பகுதியில் யுவர் டிவைசஸ் என்ற பட்டியல் இருக்கும். அதில் அந்தக் கணினியைத் தொட்டு சைன் அவுட் கொடுத்தால் அங்கே கணக்கு மூடப்படும்.

தேடுபொறியை மாற்றினால்?

மூன்றாவது தரப்பைக் கையாளும் நேரடி வழி, கொப்பி எழுதாத கடைக்குப் போவது. 2008இல் தொடங்கிய டக்டக்கோ தேடல்களை ஆளோடு சேர்த்துச் சேமிப்பதில்லை என்று உறுதி கூறுகிறது. அதன் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசொஃப்ட்டின் பிங்கிலிருந்து வருகிறது. அதன் விளம்பரங்களைத் தருவதும் மைக்ரோசொஃப்ட் என்பதால் விளம்பரத்தைத் தொட்டால் அங்கே போவீர்கள், அதைத் தொடாமல் கீழே இறங்குங்கள். நெதர்லாந்தில் இயங்கும் ஸ்டார்ட்பேஜ், உங்கள் கேள்வியை உங்கள் ஐபி முகவரி இல்லாமல் கூகுளிடம் கேட்டுப் பதிலை வாங்கித் தருகிறது. பிரேவ் என்ற தேடுபொறி தனக்கென்று சொந்த அட்டவணை வைத்திருக்கிறது.

குரோம் செட்டிங்கில் சேர்ச் எஞ்சின் என்பதில் மாற்றலாம். விரும்பியது பட்டியலில் இல்லையென்றால் அதன் தளத்துக்குப் போய் ஒரு தடவை தேடிவிட்டு வந்து பாருங்கள்.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். தமிழில், அதுவும் நம் ஊர் விடயங்களைத் தேடும்போது, கூகுள் அளவுக்கு மற்றவை தருவதில்லை. பிரதேச செயலகத்தின் தொலைபேசி இலக்கம், வைத்தியசாலைக் கிளினிக் நாள் போன்றவற்றைக் கூகுளில் தேடுவதால் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள். வருத்தம், கடன், குடும்பப் பிரச்சினை, சட்டப் பிரச்சினை, சமயம், அரசியல் ஆகியவற்றை டக்டக்கோவிலோ ஸ்டார்ட்பேஜிலோ தேடுங்கள். எல்லாவற்றையும் மாற்ற முயன்று, முடிவு சரியில்லை என்று இரண்டாம் நாளே பழைய இடத்துக்குத் திரும்புவதைவிட இப்படிப் பிரிப்பது நிலைக்கும்.

விபிஎன்

2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு சமூக வலைத்தளங்களை அரசு முடக்கியபோது, கண்ணில் பட்ட இலவச விபிஎன்னைப் பலர் போட்டுக்கொண்டார்கள். பிறகும் அவற்றை அகற்றாதவர்கள் உண்டு. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை. கடைக்கு நீங்கள் போகாமல் ஒரு பொடியனை அனுப்புவது போல: ரோட்டில் நிற்பவருக்குத் தெரியாது, பொடியனுக்குத் தெரியும். உங்கள் டேட்டா கொம்பனிக்குத் தெரிந்த தளப் பெயர்கள் எல்லாம் இப்போது விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். இலவசமாக நடத்துபவர் செலவை எங்கிருந்தோ எடுக்க வேண்டும். கூகுளில் உள்நுழைந்தபடி விபிஎன் போட்டுத் தேடினால் ஐபி முகவரி மட்டும் மாறும், கொப்பியில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். தேடலை மறைக்க விபிஎன் தேவையில்லை. பழைய இலவசச் செயலி இருந்தால் அகற்றிவிட்டு, போன் செட்டிங்கில் விபிஎன் பட்டியலிலும் அதன் பெயர் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

திறந்த தளமும் துரத்தும் விளம்பரமும்

சீனி வருத்தம் பற்றி ஒரு கட்டுரை வாசித்த பிறகு முகநூலில் மருந்து விளம்பரம் வரும்போது, தேடுபொறிதான் காட்டிக்கொடுத்தது என்று நினைக்கிறோம். பல நேரம் அது நான்காவது தரப்பின் வேலை. ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களுக்குள் தன் குக்கியை வைத்திருக்கும், ஒவ்வொரு தளத்திலும் உங்களைக் காணும். தளத்தைத் திறந்ததும் குக்கி பற்றிக் கேட்கும் பெட்டி வந்தால் ரிஜெக்ட் என்பதைத் தொடுங்கள். ஃபயர்பொக்ஸ் பாவித்தால் ஒரு தளத்தின் குக்கியை மற்றத் தளம் வாசிக்காதபடி அதுவே பிரித்து வைக்கும். அண்ட்ரொய்ட் 12 அல்லது அதற்குப் பிந்திய போன்களில் செட்டிங், பிரைவசி, அட்ஸ் என்று போனால் டிலீட் அட்வர்டைசிங் ஐடி என்று இருக்கும். செயலிகள் உங்களை விளம்பரத்துக்காக அடையாளம் காணும் எண் அது, அழித்துவிடலாம். அழித்த பிறகும் விளம்பரம் வரும். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒரு செயலியில் நீங்கள் பார்த்ததை இன்னொரு செயலியில் பார்த்ததோடு ஒட்ட முடியாது.